கம்பியில் ஏறாத புஷ்

அரைநூல் என்று அவர் முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே கூப்பிடும் தைரியம் டிப்போவில் ஒருத்தனுக்கும் இருந்ததில்லை. பஸ் டிப்போவில் முப்பத்தாறு வருஷம் லேத் மேஸ்திரியாக இருந்த மனிதர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி பிசகினாலும் சாமானைத் தூக்கி மாட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

மாட்டிவிடுவார் என்றால் நிஜமாகவே மாட்டிவிடுவார். அவருடைய லேத்துக்கு மேலே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு கம்பி கட்டியிருந்தது. எவன் எதைக் கெடுத்தாலும் அது அந்தக் கம்பியில் ஏறும். கூடவே ஓர் அட்டையில் கெடுத்தவன் பெயர். அதில் ஒரே ஒரு சட்டம்தான். கெட்டது என்று தெரிந்த அந்த நிமிஷமே மேலே ஏற வேண்டும். நல்ல சாமானும் கெட்ட சாமானும் ஒரே மேஜையில் ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூடச் சேர்ந்து கிடக்கக் கூடாது. கிடந்தால் கெட்டது எப்படியாவது ஒரு பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, என்ன வேண்டும் மேஸ்திரி என்று கேட்டார்கள். கம்பியைக் கேட்டார். இருபத்து மூன்று சாமான்களோடு அது இப்போது அவர் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில், அவருடைய பழைய சின்ன லேத்துக்கு மேலே தொங்குகிறது. இருபத்து மூன்றிலும் அவர் பெயர் இல்லை.

"எல்லார் வீட்டுலயும் சுவத்துல போட்டோ தொங்கும். நம்ம வீட்டுல அடுத்தவன் மானம் தொங்குது" என்பாள் அவர் மனைவி.

அன்றைக்கு விமானக் காட்சி. ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது. மனைவி காலையிலேயே நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, குடையும் தண்ணீர் பாட்டிலுமாகத் தயாராக நின்றாள். காரணம் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் மேலே ஏறப்போகிற பழைய போர் விமானத்தை ஓட்டப்போவது அவர்களுடைய மகள். அந்த ரகத்தில் உலகத்திலேயே பறக்கிற நிலையில் மிஞ்சியது அது ஒன்றுதான். செய்த கம்பெனியை மூடியே அறுபது வருஷம் ஆகிறது. துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு ஓட்டைகளைத் தகட்டால் மூடியிருந்தார்கள். விமானம் நிறுத்துகிற ஹாங்கரில் எல்லோரும் அதற்கு வைத்த பெயர் கிழவி.

அரைநூல் வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

"பெத்த பொண்ணு பறக்கறத ஊரே பாக்குது. நீங்க இங்க உக்காந்து மோட்டுவளையைப் பாருங்க."

"செத்த மெஷினை எழுப்பி ஆட விடுறானுங்க. அதைப் பாக்க ஒரு கூட்டம். நான் வரல."

உண்மைக் காரணம் வேறு. இந்த ஒரு வருஷத்தில் அவர் மூன்று தடவை மகளின் வேலையை நிறுத்தியிருந்தார். பெட்ரோல் குழாய் சரியில்லை என்று ஒரு தடவை, டயர் பழசு என்று ஒரு தடவை, மெக்கானிக்கின் முழியே சரியில்லை என்று ஒரு தடவை. மூன்று தடவையும் ஹாங்கர் வரைக்கும் போய்க் கத்தி, எல்லாவற்றையும் அவிழ்க்க வைத்து, ஒரு குறையும் இல்லாமல் திரும்பினார். மூன்றாவது தடவை மகள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நீங்க என் வண்டியை நம்பல, அது பரவாயில்ல. என்னையே நம்பல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அதோடு சரி. அப்புறம் பத்து நாளைக்கு முன்னால்தான் அவளாகப் போன் செய்தாள். விமானத்தின் வால் பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. இறங்கும்போது அது ஆடாமல் நேராக நிற்க ஒரு பின் வந்து பூட்டும். அந்தப் பின் ஓடுகிற வெண்கல புஷ் தேய்ந்துவிட்டது. விரல் கனம் உள்ள வளையம், அவ்வளவுதான். கடையில் கிடைக்காது. "செஞ்சு தருவீங்களாப்பா?" என்றாள். அவர் "ம்" என்றார். அந்த "ம்"முக்காக மூன்று நாள் கொட்டகையிலேயே கிடந்தார்.

"எவளோ ஒரு கிழவிக்கு மூணு நாள் உக்காந்து புஷ் செய்யத் தெரியுது. வீட்டுல இருக்கற கிழவிக்குச் சமையக்கட்டுக் குழாய் மூணு மாசமா சொட்டுது, ஒரு வாஷர் மாத்த நேரமில்ல" என்று மனைவி அப்போதும் சொன்னாள், இன்றைக்கும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான் திரும்பி வர்றதுக்குள்ள அதையாவது மாத்தி வைங்க."

அந்த வாய்க்குப் பயந்துதான் அரைநூல் கொட்டகைக்குப் போனார். வாஷர் கிடக்கும் தகர டப்பாவைக் கவிழ்த்தார். வாஷர்களுக்கு நடுவில் வெண்கல புஷ் ஒன்று உருண்டு வந்தது.

அது எதற்கு அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முதலில் செய்த புஷ் கெட்டுப்போனது. ஓட்டையை விரிக்கும்போது கைப்பிடியை ஒரு கோடு அதிகமாகத் திருப்பிவிட்டார். கை லேசாக நடுங்கியது. லேத் பழசு, லேத்தின் மேல்தான் தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கம்பியை நிமிர்ந்து பார்த்தார். நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று மேஜையிலேயே வைத்தார். அப்புறம் இரண்டாவது புஷ்ஷைச் செய்தார். அது கச்சிதம். நல்லது என்பதற்கு அடையாளமாக, எப்போதும் செய்வதுபோல் அதன் விளிம்பில் ஒரு புள்ளி அடித்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்த நேரத்தில் விமானத்தின் மெக்கானிக், தாடிக்காரன், வாங்கிப்போக வந்து கதவைத் தட்டினான். கெட்டது அவன் கண்ணில் படக் கூடாது என்ற அவசரத்தில், கண்ணாடிகூடப் போடாமல் ஒன்றை எடுத்து டப்பாவுக்குள் தள்ளினார். மற்றதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

இப்போது கண்ணாடி மூக்கில் இருந்தது. கையில் இருந்த புஷ்ஷைத் திருப்பினார். விளிம்பில் புள்ளி இருந்தது.

அளவுக் கோலை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார். கச்சிதம். வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி விட்டார். மறுபடியும் கச்சிதம். ஆக, கெட்டது கிழவியின் வாலில் இருக்கிறது.

புஷ்ஷை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வெளியே ஓடினார். மனைவி தெருமுனையில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"நில்லுடி! நானும் வர்றேன்."

"என்ன திடீர்னு பாசம் பொங்குது?"

"போன் போடு அவளுக்கு."

"காட்சி நாள்ல போனை அணைச்சுப் பெட்டியில வச்சிருவான்னு தெரியாதா? என்னாச்சு? முகம் ஏன் இப்படி இருக்கு?"

நாற்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்ல வரவில்லை. "நட" என்றார்.

ஸ்பெஷல் பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. விமானத் தளத்துக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே வண்டிகள் வால் வாலாக நின்றுவிட்டன. அரைநூல் இறங்கி நடந்தார். அவருக்கு வலது முட்டி மாடிப்படிக்கே முணங்கும். இன்றைக்கு அதை யார் கேட்டார்கள்? பின்னால் மனைவி குடையை ஊன்றிக்கொண்டு, "சொல்லிட்டாவது நடங்க, சொல்லிட்டாவது நடங்க" என்று வந்தாள். தலைக்கு மேலே ஜெட் விமானங்கள் காதைக் கிழித்துக்கொண்டு போயின. ரோட்டில் நின்ற ஜனமெல்லாம் அண்ணாந்து பார்த்தது. அவர் மட்டும் தரையைப் பார்த்து நடந்தார்.

பாதி வழியில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "கெட்டதைக் கொடுத்தனுப்பிட்டேன்."

"எதை?"

"புஷ்ஷை. கெட்டதுதான் வண்டியில இருக்கு. நல்லது என் மடியில இருக்கு."

மனைவி குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரை முந்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

ஜனங்கள் உட்காரும் பக்கத்துக்குத்தான் அவர்களிடம் பாஸ் இருந்தது. விமானங்கள் நிற்கிற பக்கத்துக்குத் தனி வாசல், தனிக் காவல்காரர்.

"பைலட்டோட அப்பா நான். உள்ள போகணும். வண்டியில ஒரு சாமான் சரியில்ல."

காவல்காரர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவரையும் பார்த்தார். "கிழவியை ஓட்டுற அம்மாவோட அப்பாவா?"

"ஆமா."

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தாள்ல ஒரே ஒரு ஆளைத்தான் உள்ள விடக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க." விரலை வைத்துக் காட்டினார். "அது நீங்கதான்."

மனைவி எட்டிப் படித்தாள். "அவ கையெழுத்துதான்" என்றாள்.

"அப்ப ரேடியோவுல சொல்லு. நான் வந்திருக்கேன்னு சொல்லாதே. வால் புஷ் தப்புன்னு மட்டும் சொல்லு."

காவல்காரர் நல்ல மனிதர்தான், சொன்னார். ரேடியோ கரகரத்து யாரோ பதில் சொன்னார்கள். காவல்காரர் சங்கடத்தோடு நிமிர்ந்தார். "'அப்பா வந்துட்டாரா?'ன்னு கேட்டாங்களாம். நேத்து இறக்கிப் பாத்தாச்சாம், நல்லா இருக்காம்."

"எங்க இறக்கினாங்க? புல்லுலயா சிமெண்ட்லயா?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

அரைநூலுக்குத் தெரியும். ஹாங்கருக்குப் பின்னால் புல்தரை இருக்கிறது, அதில்தான் எப்போதும் சோதனை பார்ப்பார்கள். புல் இளக்கமானது, சக்கரம் கொஞ்சம் கோணினாலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு ஜனங்களுக்கு முன்னால் சிமெண்ட் ஓடுபாதையில் இறங்க வேண்டும். சிமெண்ட் எதையும் மன்னிக்காது. பூட்டுப் பின் குதித்தால் சக்கரம் திரும்பும், கிழவி தட்டாமாலை சுற்றுவாள், இறக்கை தரையைத் தேய்க்கும். இறக்கைக்குள்தான் பெட்ரோல் இருக்கிறது.

அப்போது வாசலில் ஒரு சின்ன பஸ் வந்து நின்றது. மெக்கானிக்குகளையும் பைலட்டுகளையும் உள்ளே ஏற்றிப் போகிற பஸ். டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். அறுபது வயசு, வழுக்கைத் தலை முட்டை மாதிரி மின்னியது.

"யாரு, மேஸ்திரியா?"

குரலை வைத்துத்தான் அரைநூலுக்கு, டிப்போவில் தன்னிடம் வேலை பார்த்தவன் என்று அடையாளம் தெரிந்தது. "சுருட்டையா? முடி எங்கடா?"

"அதையும் உங்க கம்பியில மாட்டிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்." சுருட்டை சிரித்தான், ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. "என்னோட கிளட்ச் புஷ் இன்னும் தொங்குதா?"

"தொங்குது."

"பேரோட?"

"பேரோட."

"இருபத்தெட்டு வருஷம் மேஸ்திரி. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கூடக் கேட்டாங்க, கம்பியில தொங்குற சுருட்டை நீதானான்னு." கியரைப் போட்டான். "ஒதுங்குங்க, வண்டி போகணும்."

அரைநூல் ஒதுங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மனைவியிடம் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது வேறு. இது முகத்துக்கு முகம், அதுவும் இவனிடம்.

"சுருட்டை, நான் ஒண்ணு கெடுத்துட்டேன்."

சுருட்டை எஞ்சினை அணைத்தான். "என்ன சொன்னீங்க?"

"கேட்டுச்சில்ல."

"கேட்டுச்சு. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தவன், ரெண்டு தடவை கேக்கக் கூடாதா?"

"நான் கெடுத்துட்டேன். லேத் கெடுக்கல, நான் கெடுத்தேன். கெட்டதைக் கம்பியில ஏத்தல. மேஜையில வச்சேன். இப்ப அது என் பொண்ணு ஓட்டுற வண்டிக்குள்ள இருக்கு."

சுருட்டையின் முகத்தில் இருந்த கேலி அப்படியே வடிந்துவிட்டது. கம்பியின் சட்டம் தெரிந்தவன் அவன். மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தான்.

"ஏறுங்க. அக்கா, நீங்களும்."

காவல்காரர் குறுக்கே வந்தார். சுருட்டை ஜன்னல் வழியாகவே பேசினான்: "சார், இவரு பைலட்டோட அப்பாவா வரல. அந்த வண்டிக்குச் சாமான் செஞ்ச ஆளா வர்றாரு. செஞ்சவரே கெட்டுப் போச்சுங்கறாரு. கேட்டைச் சாத்துனா நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும். தொறந்தா நான் சொல்லிக்கறேன்."

காவல்காரர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். கேட்டைத் திறந்துவிட்டு அவரும் படியில் தொற்றிக்கொண்டார்.

கிழவி வரிசையின் கடைசியில் நின்றாள். மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது, வால் தரையில் கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்து ஜெட் மாதிரி கீச்சுக் குரல் இல்லை. அடித்தொண்டையில் உறுமுகிற சத்தம், தரையில் நின்றால் பல்லில் தெரியும். பக்கத்தில் தாடிக்காரன் தீயணைப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் மகள்.

அந்த மாதிரி விமானத்தில் மூக்கு மறைப்பதால் பைலட்டுக்கு நேர் முன்னால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில்தான் தெரியும். அரைநூல் சுழலும் விசிறியை விட்டு நன்றாக விலகி, இடது இறக்கை நுனிக்கு அப்பால் போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போல வைத்தார்.

மகள் பார்த்தாள். இத்தனை தூரத்திலும் அவள் உதடு அசைந்தது தெரிந்தது. ஐயோ அப்பா என்று சொல்லியிருப்பாள். கையை வீசிப் போகச் சொன்னாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். விசிறிக் காற்றில் சட்டை படபடத்தது, கண்ணாடி பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. கையைக் கீழே இறக்கவில்லை.

எஞ்சின் நின்றது.

மகள் கூண்டைத் தள்ளித் திறந்தாள். "நாலாவது தடவை! இன்னைக்குமா? அங்க இருபதாயிரம் பேர் பாத்துட்டிருக்காங்கப்பா! இப்ப யார் மேல சந்தேகம்? இவர் மேலயா, என் மேலயா?"

"என் மேல."

"என்ன?"

"தப்பு என்னுதும்மா. புஷ்ஷுல ஓட்டை பெருசு. நல்லதுன்னு நெனச்சுக் கெட்டதைக் குடுத்துட்டேன். நல்லது இந்தா இருக்கு."

அவள் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். பிறந்ததிலிருந்து அவள் அந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்டதில்லை. கூண்டிலிருந்து இறக்கை மேல் இறங்கி, அங்கிருந்து தரையில் குதித்தாள்.

"வாலைத் தூக்குங்க" என்றாள் தாடிக்காரனிடம்.

வாலுக்கு அடியில் முட்டுக் கட்டை வைத்துத் தூக்கினார்கள். தாடிக்காரன் மல்லாந்து படுத்து மூடியைக் கழற்றி, பின்னை விரலால் ஆட்டினான். கடகடவென்று ஆடியது. சின்னச் சத்தம்தான். சுற்றி நின்ற ஐந்து பேருக்கும் கேட்டது.

"நேத்துப் புல்லுல இறக்குனதால ஒண்ணும் ஆகல" என்றாள் மகள், தனக்குத்தானே சொல்வது போல.

அரைநூல் தாடிக்காரன் பக்கம் குனிந்தார். அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஏம்ப்பா, மாட்டறதுக்கு முன்னால நீ அளக்கலையா?"

தாடிக்காரன் படுத்தபடியே விழித்தான். "மத்தவங்க செஞ்ச எல்லாத்தையும் மூணு தடவை அளப்பேன் ஐயா. இது நீங்க செஞ்சதாச்சே. நீங்க செஞ்சதை நான் எப்படி அளப்பேன்?"

"அளக்கணும்யா! என்னை நம்பச் சொல்லி உன்கிட்ட யார் சொன்னா? நான் யாரையாவது நம்பறேனா? என்னை எதுக்கு நீ நம்பற?"

"கத்தாதீங்க, தப்பு உங்களுது" என்றாள் மனைவி.

அவர் வாயை மூடிக்கொண்டார். மடியிலிருந்த புஷ்ஷை எடுத்தார். கை நீட்டிய தாடிக்காரனிடம் கொடுக்கும் முன் சொன்னார்: "மூணு தடவை அள."

தாடிக்காரன் நான்கு தடவை அளந்தான்.

பழையதை இழுத்து, புதியதை அடித்து இறக்கி, பின்னை ஓட்டிப் பார்த்து மூட முக்கால் மணி நேரம் ஆனது. அரைநூல் தொடவில்லை. தன் கையை அவரே நம்பவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதுவும் இரண்டு கையாலும். மகள் தானே உள்ளே கையை விட்டுப் பின்னை ஆட்டிப் பார்த்தாள். அது எண்ணெயில் ஓடுவதுபோல் ஓடி, டக்கென்று உட்கார்ந்தது.

இதற்குள் அவளுடைய முறை போய்விட்டது. காட்சியை நடத்துகிற அதிகாரி ரேடியோவில் முடியவே முடியாது என்றார். அட்டவணையாம். மகள் குரலை உயர்த்தவில்லை. "வண்டியில ஒரு குறை இருந்துச்சு, கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம். இந்த வண்டி இன்னைக்குப் பறக்கும். எல்லாரும் முடிச்ச பிறகு ஆறு நிமிஷம் குடுங்க. குடுக்கற வரைக்கும் நான் இங்கருந்து நகர மாட்டேன், உங்க கடைசி விமானமும் என்னைச் சுத்திக்கிட்டுதான் போகணும்" என்றாள்.

அரைநூல் மனைவியைப் பார்த்தார். "யாரு மாதிரி பேசறா பாத்தியா?"

"பாத்தேன். என் மாதிரி" என்றாள் மனைவி.

ஆறு நிமிஷம் கிடைத்தது.

அவர் ஜனங்களோடு உட்காரவில்லை. சுருட்டையின் பஸ்ஸில் ஏறி, ஓடுபாதை ஓரத்தில், அவள் இறங்கப்போகிற இடத்துக்கு நேராகப் போய் நின்றுகொண்டார். டிப்போவில் பிரேக் வேலை முடிந்த பஸ்ஸை முதல் தடவை ஓட்டும்போது, வேலை செய்தவன் அது நிற்க வேண்டிய கோட்டில்தான் நிற்பான். பழக்கம் விடுமா?

கிழவி ஓடினாள். முதலில் வால் எழுந்தது, பிறகு மொத்த உடம்பும். புல்லெல்லாம் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்தது. வாலை மட்டும் பார்ப்பது என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அது மேலே போனதும் கண்ணும் கூடவே போய்விட்டது. அகன்ற இறக்கை வெயிலைப் பிடித்து ஒரு தரம் பளிச்சென்று காட்டியது. உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தன் நிழலைத் தரையில் இழுத்துக்கொண்டு திரும்பியது. அந்த நிழல் பஸ்ஸின் மேலே ஏறி, சுருட்டையின் வழுக்கையைத் தடவிவிட்டுப் போனது. ஜெட்டுகளுக்குக் கூச்சல் போட்ட ஜனம் இதற்குச் சத்தமே போடவில்லை. உறுமல் தூரத்தில் போய்த் தேய்ந்து, பின் பூமிக்கடியிலிருந்து வருவதுபோல் திரும்பி வந்தது. ஓடுபாதைக்கு மேல் தென்னை உயரத்துக்குக்கூட இல்லாமல் தாழப் பறந்து கடந்து, நெட்டாக எழுந்து, மேலே ஒரு முழு உருளல் உருண்டது.

"அம்மாடி" என்றாள் மனைவி.

அரைநூல் வாயைத் திறந்தபடி நின்றார். இந்த மெஷினை ஆட விடுகிறார்கள் என்று காலையில் சொன்னவர்தான். இது யாரோ ஆட விடுவது இல்லை. அந்தச் சின்னப் பெண்ணின் கை ஒன்று கேட்கிறது, இத்தனை கனத்த இரும்பு அதற்குச் சம்மதிக்கிறது. ஒரு வருஷமாக அவர் பெட்ரோல் குழாயைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். அவள் ஓட்டுவதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"இறங்குறாங்க மேஸ்திரி" என்றான் சுருட்டை.

முன் சக்கரம் இரண்டும் சிமெண்டைத் தொட்டுக் கிறீச்சிட்டன. வால் இன்னும் மேலேயே இருந்தது. வேகம் குறையக் குறையத்தான் அது இறங்கும். இறங்கிய பிறகுதான் தெரியும். அரைநூல் இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டினார், ஏதோ அவரே வாலைத் தாங்கி இறக்கப்போவது போல. வால் மெல்ல, மெல்லத் தாழ்ந்தது. சின்னச் சக்கரம் தரையைத் தொட்டது. ஒரு தரம் துள்ளியது. மறுபடி தொட்டது.

நேராக ஓடியது. நூல் பிடித்த மாதிரி அவர் நின்ற இடத்தைக் கடந்து நேராக ஓடி, நின்றது.

சுருட்டை அவர் தோளைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தான். அவர் உட்கார மறுத்தார். வரிசைக்குத் திரும்பிய விமானத்தை நோக்கி நடந்தே போனார். மகள் இறங்கி வந்து எதிரில் நின்றாள்.

"இடது டயர்ல காத்து கொஞ்சம் கம்மி" என்றார் அவர்.

மகள் சிரித்தாள். "பாக்கறேன்பா."

"ரெண்டாவது தடவை திரும்பினியே, அது நல்லா இருந்துச்சு."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்து நீட்டினாள். புல்லில் கிடந்ததை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

"அந்தக் கெட்ட புஷ் எங்க?" என்று கேட்டார் அவர்.

தாடிக்காரன் பையிலிருந்து எடுத்தான். "இதை நான் வச்சுக்கலாம்னு பாத்தேன் ஐயா. ஞாபகத்துக்கு."

"ஞாபகமாவது மண்ணாங்கட்டியாவது. குடு. அதுக்கு எடம் இருக்கு."

சாயங்காலம் சுருட்டையே தன் பஸ்ஸில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டான். கொட்டகைக்குள் வந்து தன் கிளட்ச் புஷ்ஷைப் பார்த்தான். அட்டை மஞ்சளாகியிருந்தது. "கழட்டிடலாமே மேஸ்திரி, இன்னைக்கு நாள்ல?"

"கழட்ட முடியாது. கெட்டது கெட்டதுதான்" என்றார் அரைநூல். "கொஞ்சம் தள்ளி வை. பக்கத்துல எனக்கு எடம் வேணும்."

ஓர் அட்டையை வெட்டி எடுத்தார். எழுத்துக்கூட்டி எழுதுகிற கை அவருக்கு. 'மேஸ்திரி' என்று எழுதினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அது பதவி. மத்தவங்களுக்கெல்லாம் பேரைப் போட்டீங்கல்ல? பேரைப் போடுங்க."

அவர் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டினார். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதி, கம்பியில் கோர்த்தார். சுருட்டை கழுத்தை நீட்டிப் படித்தான். 'அரைநூல்' என்று இருந்தது.

"ஐயோ மேஸ்திரி! அந்தப் பேரு உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தாறு வருஷமாத் தெரியும்டா" என்றார் அவர். கவிழ்ந்து கிடந்த டப்பாவிலிருந்து ஒரு வாஷரைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சமையல்கட்டுக்குப் போனார்.